12 கிழமைக்கு 90,000 ரூபா: கட்டலாமா?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருந்து 41 வயதுத் தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ. கோட்டையில் அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். இளையவர் வயிற்றில் இருந்தபோது இரத்தத்தில் சீனி கூடியிருந்தது, பிள்ளை பிறந்த பிறகு இறங்கிவிட்டது. அம்மாவுக்கு நீரிழிவு. காலி வீதியில் இருக்கும் ஒரு நிறை குறைக்கும் நிலையத்தில் 12 கிழமைத் திட்டம் ஒன்றுக்குக் கூப்பிடுகிறார்கள். 10 கிலோ குறையும் என்று உத்தரவாதம், கட்டணம் 90,000 ரூபா, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டினால் 72,000. இரண்டு நேரம் பொடியைக் கரைத்துக் குடிக்கும் ஷேக், ஒரு நேரம் சாப்பாடு, கிழமைக்கு ஒருமுறை நிறை பார்ப்பது, ஒரு வாட்ஸ்அப் குழு. "சேரட்டா அக்கா, இல்லாட்டி காசு வீணாகுமா?" என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாதீர்கள். காசு கட்டிச் சேர்வதே பிழை என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அது உண்மையாகவே உதவும், உங்களுக்கும் உதவலாம். ஆனால் நீங்கள் எதற்குக் காசு கொடுக்கப்போகிறீர்கள் என்பது இன்னும் உங்களுக்குத் தெளிவாகவில்லை. அது தெளிவாக நாலு கிழமை போதும், அந்த நாலு கிழமைக்குள் நிலையம் எங்கேயும் ஓடிவிடாது.

நான் உணவு ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். அதில் இரண்டரை வருடம் கொழும்பில் இப்படியான ஒரு தனியார் நிலையத்தில்தான் இருந்தேன், பெயர் வேண்டாம். இப்போது நீரிழிவு கிளினிக் ஒன்றில் இருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தபடியால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு நிறை குறைக்க வேண்டிய தேவை இருக்கிறதா? இருக்கிறது. உங்கள் உடற்திணிவுச் சுட்டி, அதாவது எல்லோரும் பிஎம்ஐ என்று சொல்வது, 30.4 வருகிறது. ஆசிய உடம்புகளுக்கு 23க்கு மேலேயே கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. இடுப்பையும் ஒரு தையல் டேப்பால் அளந்து பாருங்கள். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். கர்ப்பகாலத்தில் சீனி வந்தவருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு கூட. அதோடு அம்மாவுக்கும் இருக்கிறது. ஆகவே "விடுங்கோ, நீங்கள் வடிவாத்தானே இருக்கிறீங்கள்" என்று சொல்லும் சொந்தக்காரர் பேச்சையும் கேட்காதீர்கள். விஷயம் வடிவு இல்லை, சீனி.

சரி, இப்போது அந்தப் 10 கிலோவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. 12 கிழமை என்றால் 84 நாள், ஒரு நாளைக்கு 900 கலோரிக்கு மேல் குறையவேண்டும். உங்கள் வயது, உயரம், நிறை, கதிரை வேலை எல்லாம் வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு உங்கள் உடம்பு செலவழிப்பது 1,900 அளவில். அப்படியென்றால் 84 நாளும், ஒரு நாள்கூடத் தவறாமல், நவராத்திரியோ பிறந்தநாளோ வந்தாலும் 1,000 கலோரியில் இருக்கவேண்டும். முடியாது என்றில்லை. ஆனால் நீங்கள் வேலைக்குப் போய், பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, வீட்டையும் பார்க்கிற ஒருவர். உத்தரவாதம் தருகிறவர் இந்தக் கணக்கை உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார்.

முதல் கிழமையில் இரண்டு, இரண்டரை கிலோ இறங்கும். அதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிடும், நானும் அந்த நிலையத்தில் இருந்தபோது எத்தனையோ பேரின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று மாச்சத்தை உடம்பு சேமித்து வைத்திருக்கும், அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோற்றையும் பாணையும் திடீரென்று குறைத்தால் அந்தச் சேமிப்புத் தீர்ந்து தண்ணீரும் போய்விடும். திரும்ப ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டால் அடுத்த நாளே இரண்டு கிலோ ஏறிவிட்டது என்று அழுவார்கள். அதுவும் தண்ணீர்தான். இது ஏமாற்று இல்லை, உடம்பின் வேலை. அந்த முதல் கிழமை இறக்கத்தைக் காட்டி அடுத்த பக்கேஜை விற்பதுதான் பிழை.

இன்னொன்றையும் நேரடியாகச் சொல்லவேண்டும். நான் வேலை செய்த இடத்தில் புதிதாகச் சேருபவரை முதல் நாள் பின்னேரம்தான் வரச்சொல்வோம். மத்தியானச் சாப்பாடு வயிற்றில், அலுவலகச் சாரி உடம்பில், காலில் செருப்பு, கையில் வளையல், அப்படியே தராசில் ஏற்றி எழுதுவோம். கடைசி நாள் நிறை பார்ப்பது காலை ஆறரைக்கு. வெறும் வயிறு, மெல்லிய உடுப்பு, வெறுங்கால். ஒரு சாரியையும் ஒரு நேரச் சாப்பாட்டையும் நாங்கள் கொழுப்புக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஒரு டீச்சரைக் காலையிலும் பின்னேரமும் ஏற்றிப் பார்த்தேன், ஒரே நாளில் 1.7 கிலோ வித்தியாசம். அதை மேலே இருந்தவரிடம் சொன்னேன். "எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்றார். அதற்குப் பிறகு அந்த வேலையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஆகவே நீங்கள் எங்கே சேர்ந்தாலும் வீட்டில் ஒரு தராசு வைத்து, எழும்பிய உடனே, கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, ஒரே உடுப்போடு உங்கள் நிறையை நீங்களே எழுதுங்கள். அவர்களுடைய அட்டையில் இருப்பதை மட்டும் நம்பவேண்டாம்.

அப்படியென்றால் காசு கட்டும் திட்டங்கள் எல்லாம் வீணா? இல்லை. இங்கிலாந்தில் 1,267 பேரை வைத்து ஒரு நல்ல ஆய்வு செய்தார்கள், 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்குச் சும்மா ஒரு கைநூலும் கொஞ்சம் ஆலோசனையும் மட்டும். இன்னொரு பகுதியினருக்கு காசு கட்டிச் சேரும் வெயிட் வொட்சர்ஸ் என்ற நிறை குறைப்புக் குழுவில் 12 கிழமை. மூன்றாவது பகுதியினருக்கு அதே குழு, ஆனால் 52 கிழமை. ஒரு வருட முடிவில் கைநூல்காரர் சராசரியாக 3.26 கிலோ குறைந்திருந்தார்கள், 12 கிழமைக்காரர் 4.75, ஒரு வருடம் முழுக்கப் போனவர்கள் 6.76.

இந்த மூன்று எண்ணையும் நான் என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அதற்குள் இருக்கிறது. வெறும் கைநூலோடு தானாக முயன்றவர்களே மூன்று கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறார்கள். 12 கிழமைத் திட்டம் அதற்கு மேலே ஒன்றரைக் கிலோவைத்தான் கூட்டிக் கொடுத்தது. உண்மையான வித்தியாசம் வந்தது நீண்ட காலம் கூடவே யாராவது இருந்தபோது. அதாவது காசு கொடுத்து வாங்கத்தக்க ஒரே சாமான், ஒவ்வொரு கிழமையும் உங்களுக்காகக் காத்திருக்கிற ஒரு ஆள். சாப்பாட்டு அட்டவணைக்கும் பொடிக்கும் இவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை. எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிற விஷயத்தைச் செய்யவைப்பது யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான். உங்களைக் கூப்பிடுகிற நிலையம் 12 கிழமை மட்டும் கூட இருக்கப்போகிறது. 13ஆவது கிழமையில் ஷேக் முடிந்திருக்கும், வாட்ஸ்அப் குழுவில் அடுத்த தொகுதி ஆட்கள் வந்திருப்பார்கள், நீங்கள் பழையபடி இடியப்பம், சொதி, சம்பலுக்கு முன்னால் தனியாக இருப்பீர்கள். நிறை திரும்ப ஏறத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். குறைந்த உடம்புக்குப் பசி கூடும், செலவழிக்கும் கலோரி குறையும். அது உங்கள் மனபலத்தில் உள்ள குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உடம்பு தன் பழைய நிறையைத் தேடுகிறது.

ஷேக் பற்றியும் நியாயமாகப் பேசவேண்டும். ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் டைரக்ட் என்று ஒரு ஆய்வு நடந்தது. நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நீரிழிவு இல்லாத அளவுக்கு வந்துவிட்டார்கள், 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர். ஆகவே ஷேக் வேலை செய்யாது என்று சொல்வது பொய். ஆனால் அங்கே முதல் நாளே நீரிழிவு, பிரஷர் மருந்துகளை நிறுத்தியது வைத்தியர்கள். சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரக் கிழமைக்கணக்கில் கூட இருந்தது பயிற்சி பெற்ற தாதியரும் உணவு நிபுணரும். பிறகும் மாதாமாதம் சந்தித்தார்கள். அப்படியிருந்தும் இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. நிலையத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பொடி. அங்கே பொடியைச் சுற்றி நின்றவர்கள் இங்கே இருக்கிறார்களா என்பதுதான் நீங்கள் பார்க்கவேண்டியது.

உங்களுக்கு எவ்வளவு குறைந்தால் போதும் என்பதையும் யோசியுங்கள், ஏனென்றால் 10 கிலோ என்ற எண்ணை உங்கள் தலைக்குள் போட்டது நிலையம். அமெரிக்காவில் 3,234 பேரோடு நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இலக்கு உடல் நிறையில் 7 சதவீதம், கிழமைக்கு 150 நிமிடம் நடை, அவ்வளவுதான். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபோமின் என்ற நீரிழிவுக் குளிசை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோவும் கொஞ்சமும். சென்னையிலும் இதே மாதிரி 531 பேரோடு செய்து 2006இல் வெளியிட்டார்கள். நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் நிறை பெரிதாக இறங்காமலே. சோறும் சாம்பாரும் சாப்பிடுகிற, எங்களைப் போன்ற உடம்புள்ளவர்கள் அவர்கள். தராசு அசையாத மாதத்திலும் நடையும் சாப்பாட்டு மாற்றமும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது. 74 கிலோவில் இருந்து 69க்கு ஆறு மாதத்தில் வந்து அங்கேயே நின்றால் நான் உங்களுக்காக மிகவும் சந்தோஷப்படுவேன். 64க்கு மூன்று மாதத்தில் போய் அடுத்த தீபாவளிக்கு 76இல் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்தத் திட்டத்துக்கும் முன்னால் இரத்தம் சோதியுங்கள். வெறும் வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை), கொலஸ்ட்ரோல், தைரொயிட் ஆகியவை. கர்ப்பகாலச் சீனி வந்தவர் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்கப் பார்க்கவேண்டும், நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. வெறும் வயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் இடையில், அல்லது எச்பிஏ1சி 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை. இதற்குக் காசு இல்லை என்றால் அரசாங்க ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்கள் இருக்கின்றன. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் எங்கே, எந்த நாள் என்று சொல்வார்கள். நிறை, இடுப்பு, பிரஷர், சீனி பார்த்து ஆலோசனையும் இலவசமாகத் தருகிறார்கள். அங்கே வரிசையில் நிற்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் 90,000 ரூபா கட்டுவதற்கு வெட்கப்படுவதில்லை, அதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது.

அவசரமாகக் குறைப்பதில் இரண்டு ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்புக் கூடும். அப்புறம் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், அது திரும்ப வளரும் என்றாலும் அந்த நேரம் யாரும் தாங்கமாட்டார்கள். அம்மாவையும் கூடக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கலாம் என்று நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற சீனி குறைக்கும் குளிசையோ எடுப்பவர் டொக்டர் மருந்தைக் குறைக்காமல் சாப்பாட்டை மட்டும் பாதியாக்கினால் சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவார்.

அங்கே பொடியோடு சேர்த்து "மூலிகை" குளிசையோ மெலியும் கோப்பியோ தந்தால் வாங்காமல் எழும்பி வந்துவிடுங்கள். சிபுட்ரமின் என்று ஒரு பசி குறைக்கும் மருந்து, மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. அதே மருந்து மூலிகை என்ற பெயரில் விற்கும் மெலியும் சாமான்களில் ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதை அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாய் உலருகிறது, நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வரவில்லை, பசியே இல்லை, இந்த நாலும் சேர்ந்து வந்தால் பைக்கற்றில் என்ன எழுதியிருந்தாலும் நிறுத்திவிட்டு டொக்டரிடம் பைக்கற்றையும் கொண்டு போங்கள். மருந்து என்று தருவது எதுவானாலும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள். "டொக்டர்" என்று அறிமுகப்படுத்தப்படுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பேசத்தான் போகிறீர்கள் என்றால், வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஏசி அறையில், உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கே கூச்சம் வரும்படி ஒரு மெஷினில் ஏற்றி, கொழுப்பு வீதம் சிவப்பு நிறத்தில் அச்சாகி வரும் அந்த நிமிடத்தில் யாரும் சரியாக யோசிக்கமாட்டார்கள். அந்த நிமிடத்தில்தான் நாங்கள் கல்குலேட்டரைக் கையில் எடுப்போம். அங்கே கேட்கவேண்டிய முதல் கேள்வி, 12 கிழமைக்குப் பிறகு என்ன என்பது. "அதற்குப் பிறகு மெயின்டனன்ஸ் பக்கேஜ் இருக்கு" என்றால் அதன் விலையையும் கூட்டித்தான் உண்மையான விலை. போன வருடம் இதே மாதத்தில் முடித்தவர்கள் இரண்டு மூன்று பேரோடு கதைக்கமுடியுமா என்று கேளுங்கள். முந்தி பிந்தி என்று ஒட்டியிருக்கும் படங்களில் "பிந்தி" எடுத்த நாளில் இருந்து இன்றைக்கு எவ்வளவு காலம் என்று கேளுங்கள். உத்தரவாதம் என்றால் குறையாவிட்டால் காசு திரும்பத் தருவீர்களா, அதை ரசீதில் எழுதுவீர்களா? பெரும்பாலும், "அட்டவணையை முழுக்கப் பின்பற்றியிருந்தால் மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். ஒருநாள் பிறந்தநாள் கேக் சாப்பிட்டாலே அந்த வரி உங்களுக்கு எதிராக நிற்கும். மாதாமாதம் கட்டலாமா, இடையில் நிறுத்தினால் மிச்சம் திரும்ப வருமா என்றும் கேளுங்கள். நல்ல இடங்கள் மாதக் கட்டணத்துக்குப் பயப்படமாட்டா. ஆள் சேர்த்தால் கழிவு, பிறகு நீங்களே ஷேக் விற்கலாம் என்று பேச்சுப் போனால் அது நிறை குறைக்கும் இடம் இல்லை, கதவைப் பாருங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏதும் பிரச்சினை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்க அந்தக் காகிதம் வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம், என் அனுபவத்தில் முக்கால்வாசி விஷயம் இங்கேதான் தீர்மானமாகிறது. உங்கள் வீட்டில் சமைப்பது யார்? மாமியா, நீங்களா, இல்லாவிட்டால் மத்தியானம் கடைப் பார்சலா? எந்த நிலையமும் இதைக் கேட்பதில்லை. புரொக்கோலியும் ஓட்ஸும் எழுதிய அட்டவணையைக் கொடுத்தால், ஒரு அடுப்பில் இரண்டு சமையல் எத்தனை நாளைக்கு ஓடும்? மூன்றாம் கிழமையில் மாமிக்கும் கோபம், உங்களுக்கும் களைப்பு. கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் ஒரு அம்மா, "நான் ஒன்றும் சாப்பிடுகிறதில்லை, ஆனால் குறையுதில்லை" என்று மூன்று முறை வந்து சொன்னார். பொய் சொல்கிறவர் இல்லை. நாலாவது முறை வீட்டில் சீனி போடும் கரண்டியைக் கொண்டுவாருங்கள் என்றேன். பழைய எவர்சில்வர் கரண்டி, அடி கொஞ்சம் ஆழம். அவர் வழக்கமாகப் போடுகிற மாதிரியே குவித்து அள்ளச் சொல்லித் தராசில் வைத்தேன், 8 கிராம். ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி. 80 கிராம் சீனி, 320 கலோரி. அவர் "ஒன்றும் சாப்பிடாத" நாளிலும் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஐந்தைந்து நாளுக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து, கடைசியில் பிளேன்ரீக்கு ஒரு சிறிய துண்டு இஞ்சியோடு நின்றார். வேறு ஒன்றையும் மாற்றவில்லை. அந்தக் கரண்டிக்காக அவர் எனக்கு ஒரு ரூபாகூடக் கட்டவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கரண்டி இருக்கும். சிலருக்கு அது தேங்காயெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, வறைக்கும் பொரியலுக்கும் எத்தனை ஊற்றுகிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. சிலருக்கு அலுவலகத்தில் நாலு மணிக்கு வரும் ரோல்ஸும் பற்றிஸும். சிலருக்குச் சோற்றுப் பார்சல், கடைக்காரர் போடும் சோறு மட்டுமே 400 கிராம் இருந்தால் 500 கலோரியைத் தாண்டும், கறிகள் வேறு. சோற்றை விடத் தேவையில்லை. பார்சலைப் பிரித்தவுடன் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, கீரையும் பருப்பும் மீனும் முழுக்கச் சாப்பிடுங்கள். சூரையோ கீரிமீனோ, அவித்த கடலையோ, வல்லாரைச் சம்பலோ எங்கள் சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது. மாமியிடம், "எனக்குத் தனிச் சமையல் வேண்டாம் மாமி, கறிக்கு முதற்பாலை மட்டும் கொஞ்சம் குறைப்பம், அம்மாவைப்போல எனக்கும் சீனி வந்திடும் என்று பயமாயிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். உணவுக் கட்டுப்பாடு என்றால் முகம் சுழிப்பவர்கள் வருத்தம் என்றால் இறங்கி வருவார்கள்.

ஆகவே நான் சொல்லும் நாலு கிழமை இப்படி. ஒரு தராசு, ஒரு டேப், ஒரு கொப்பி. கிழமையில் ஒரே நாள் காலை நிறை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை இடுப்பு. ஒவ்வொரு நாளும் சாப்பிட்டதை, கை மறந்து வாயில் போட்ட பிஸ்கட் உட்பட, எழுதுங்கள். கிழமைக்கு ஐந்து நாள் அரை மணித்தியாலம் நடை. உங்களுக்கு மரைன் டிரைவ் பக்கத்திலேயே இருக்கிறது, காலை ஐந்தரைக்குக் கடற்காற்றோடு வெள்ளவத்தை ஸ்டேஷனில் இருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் கால்மணி நேரம் நடந்து திரும்பினால் அந்த நாள் கணக்கு முடிந்தது. காலையில் முடியாவிட்டால் பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் முந்தி இறங்குங்கள். அப்புறம் முக்கியமானது, ஒரு ஆளைப் பிடியுங்கள். தங்கையோ, அலுவலகத்தில் ஒரு கூட்டாளியோ, ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்கள் எண்ணை அனுப்ப ஒருவர். அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வாங்கிப் பார்த்தால் போதும்.

28ஆம் நாள் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கியிருந்தால் உங்களுக்கு 90,000 ரூபாத் திட்டம் தேவையில்லை, அதே வழியில் போங்கள். எழுதி, நடந்து எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால் திட்டத்தில் சேருவதற்கு முன் டொக்டரைப் பாருங்கள், தைரொயிடோ வேறு மருந்தோ காரணமாக இருக்கலாம். ஆனால் கொப்பி ஒன்பதாம் நாளோடு நின்றுவிட்டது, திங்கட்கிழமை எண் அனுப்ப மறந்துகொண்டே போனது என்றால், அதற்காக உங்களைக் குறைசொல்லாதீர்கள். உங்களுக்கு வெளியில் இருந்து ஒரு ஆள் தேவை என்பது தெரிந்துவிட்டது, அப்போது காசு கொடுப்பது நியாயமான செலவு. அந்தக் காசை ஒரு வருடத்துக்குப் பரப்புங்கள். பதிவுள்ள ஒரு உணவு நிபுணரை முதல் மூன்று மாதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, நேரிலோ தொலைபேசியிலோ பார்க்க 72,000 ரூபாவை எப்படிப் பிரிக்கலாம் என்று விசாரித்துப் பாருங்கள். அல்லது மாதம் மாதம் கட்டி, வேண்டிய அன்று நிறுத்தக்கூடிய ஒரு குழு. நிறை குறைக்கும் ஊசி பற்றியும் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். செமக்ளுடைட் நன்றாக வேலை செய்கிற மருந்துதான், ஆனால் நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்ததாக ஆய்வு சொல்கிறது. அது ஒரு வைத்தியரோடு இருந்து எடுக்கவேண்டிய முடிவு, திட்டத்தோடு சேர்த்து விற்கும் சாமான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போன் எடுத்தால், "இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், பிறகு சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். 18,000 ரூபாக் கழிவு போய்விடுமே என்று நினைக்கவேண்டாம், நான் அங்கே இருந்த இரண்டரை வருடத்தில் "கடைசி நாள்" ஒவ்வொரு மாதமும் வந்தது. எச்பிஏ1சி எவ்வளவு என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். 6ஐத் தாண்டியிருந்தால் மெட்ஃபோமின் தொடங்கவேண்டுமா என்று உங்கள் டொக்டரிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்துக் கதைப்போம்.